ஐப்பசிக் கணக்கு: ஒரு வண்டி, நாலு தலை

ஐப்பசி பிறந்தால் தமிழ்நாட்டு வீடுகளில் செலவுகள் வரிசைகட்டி நிற்கும். தீபாவளித் துணி, பலகாரம், பட்டாசு, ஊருக்குப் போக டிக்கெட், ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய், சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து. எல்லாவற்றுக்கும் மாதப் பட்டியலில் ஒரு வரி இருக்கும். காலையில் வண்டியில் கிளம்பியவர்கள் மாலையில் முழுசாக வீடு திரும்புவதற்கு ஆகும் செலவுக்கு மட்டும் வரி இருக்காது. "பார்த்துப் போங்க" என்ற ஒரு வார்த்தையோடு அது முடிந்துவிடும். அந்த வார்த்தையின் விலை என்ன என்று இங்கே கூட்டிப் பார்ப்போம்.

கணக்குக்கு ஒரு வீடு

தாம்பரத்தை அடுத்த புறநகரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு கம்பெனியில் வேலை, சம்பளம் 20,000 ரூபாய். அம்மா தையல் வேலைக்குப் போய் 8,000 ரூபாய் கொண்டுவருகிறார். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 9. வீட்டில் ஒரே ஒரு 110 சிசி ஸ்கூட்டர், அதோடு ஒரே ஒரு ஹெல்மெட். மகளைப் பள்ளியில் விடுவதும், இருட்டிய பிறகு மகனை டியூஷனிலிருந்து கூட்டிவருவதும் அந்த வண்டிதான். எல்லாம் சேர்த்து நாளுக்கு 20 கிலோமீட்டர்.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் விலை சுமார் 101 ரூபாய் என்று வைத்தால், 26 நாளுக்கு ஏறக்குறைய 1,170 ரூபாய் ஆகிறது. வருடத்துக்கு 14,040 ரூபாய். இந்தத் தொகை பின்னால் தேவைப்படும்.

குடும்பம் கற்பனைதான். கீழே வரும் கடை விலைகள் சுமாரானவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை நூறு இருநூறு மாறும். அரசு எண்களும் சட்டத் தொகைகளும் உள்ளபடியே தரப்பட்டவை.

மழையும் இருட்டும்

தமிழ்நாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் மழை சராசரியாக 92 சென்டிமீட்டர். அதில் 44 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. பன்னிரண்டு மாதத்தில் மூன்றே மாதம், மழையோ பாதி.

வெளிச்சமும் அதே மாதங்களில்தான் குறைகிறது. ஜூன் கடைசியில் சென்னையில் சூரியன் மறையும்போது மாலை 6.35 தாண்டியிருக்கும். நவம்பர் நடுவில் 5.40க்கே மறைந்துவிடும். கம்பெனி விடும் நேரமும் டியூஷன் முடியும் நேரமும் மாறுவதில்லை. ஜூனில் வெளிச்சத்தில் நடந்த அதே பயணம் ஐப்பசியில் இருட்டில் நடக்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் விபத்து அதிகம் நடப்பது மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை. ஐந்தில் ஒரு விபத்து இந்த மூன்று மணி நேரத்துக்குள் நடக்கிறது. வீடு திரும்பும் நேரமும் அதுதான்.

பருவத்தின் முதல் மழைக்கென்று தனி ஆபத்து உண்டு. மாதக்கணக்கில் தார்ச்சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் மிதந்து மேலே வரும். நன்றாகக் கழுவிவிடும் பெருமழையைக் காட்டிலும் அந்த முதல் பத்து நிமிடத் தூறல்தான் வழுக்கும். அதிலும் பாதாளச் சாக்கடை மூடியும், ஜீப்ரா கோட்டின் வெள்ளைப் பெயின்ட்டும் மோசம்.

மாநிலத்தின் கணக்கு

2022இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள்; இறந்தவர்கள் 1,68,491 பேர். மணிக்கு 19 உயிர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. 2023இல் விபத்து 67,213 ஆகவும் உயிரிழப்பு 18,347 ஆகவும் கூடின. ஒரே வருடத்தில் 463 பேர் அதிகம். நாளுக்கு 50 வீடுகளில் துக்கம் என்று வாசிக்கலாம்.

இவர்கள் எதில் போனவர்கள் என்பதுதான் நம் குடும்பத்துக்கு முக்கியம். 2022இல் நாடு முழுக்க இறந்தவர்களில் 74,897 பேர், அதாவது 44.5 விழுக்காட்டினர், இருசக்கர வண்டியில் போனவர்கள். நடந்து போன 32,825 பேரும் இறந்தார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 9,528 பேர், நாளுக்கு 26 பிள்ளைகள்.

ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் வண்டி ஓட்டியவர்கள் 35,692. பின்னால் உட்கார்ந்தவர்கள் 14,337. ஓட்டியவர் ஐந்து பேர் என்றால் பின்னால் இருந்தவர் இரண்டு பேர். நம் ஊரில் பின்னால் உட்காருவது யார்? மனைவி, மகள், அம்மா, தங்கை, பள்ளிப் பிள்ளை. ஒரு வண்டிக்கு ஒரு ஹெல்மெட் என்ற பழக்கம் வீட்டில் யாருடைய தலையைக் கணக்கில் விடுகிறது என்பதை 14,337 என்ற எண் சொல்கிறது.

ஹெல்மெட் எவ்வளவு காக்கும் என்பதற்கும் எண் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான கோக்ரேன் தொகுப்பாய்வு, ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகச் சொல்கிறது. 14,337ஐ 42 விழுக்காட்டால் பெருக்கினால் ஆறாயிரம் வரும். இது துல்லியக் கணிப்பு இல்லை, விஷயத்தின் அளவு புரிவதற்கான பெருக்கல். பின்னிருக்கையில் மட்டும் வருடத்துக்கு ஆறாயிரம் பேர் பிழைத்திருக்கக்கூடும்.

இரண்டு நிமிடம் 24 நொடி

வேகத்தின் லாபத்தையும் கணக்கில் எழுதுவோம். கம்பெனி 8 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 12 நிமிடம். 50இல் போனால் 9 நிமிடம் 36 நொடி. லாபம் 2 நிமிடம் 24 நொடி. அதுவும் வழியில் சிக்னல் இல்லாமல், பேருந்து ஒதுங்காமல், மாடு குறுக்கே வராமல் இருந்தால். உண்மையில் ஒரு சிவப்பு விளக்கு அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

நஷ்டத்தைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி. காய்ந்த சாலையில் உராய்வு 0.7, நனைந்த சாலையில் 0.4 என்று எடுத்துக்கொண்டால், வண்டி நிற்க எடுக்கும் மொத்த தூரம் இது:

மணிக்கு 40 கி.மீ. — காய்ந்த சாலையில் 20 மீட்டர், ஈரத்தில் 27 மீட்டர்
மணிக்கு 50 கி.மீ. — காய்ந்த சாலையில் 28 மீட்டர், ஈரத்தில் 38 மீட்டர்
மணிக்கு 60 கி.மீ. — காய்ந்த சாலையில் 37 மீட்டர், ஈரத்தில் 52 மீட்டர்

கோடையில் 50இல் ஓட்டி 28 மீட்டரில் நிறுத்திப் பழகிய கைக்கு, ஐப்பசியில் 40இல் போனால்தான் அதே தூரத்தில் வண்டி நிற்கும். மழைக்கால வேக விதியை இந்த ஒரு வரியில் முடித்துவிடலாம். இதற்கும் நல்ல டயர், தேயாத பிரேக் இரண்டும் இருக்க வேண்டும். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான்.

சென்னையில் 2023 நவம்பர் முதல் இருசக்கர வண்டிக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 என்று வேக வரம்பு இருக்கிறது. பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் இருப்பது அந்த 30 தெருக்களில்.

பற்று: வாங்க வேண்டியவை

இப்போது செலவுப் பட்டியல்.

ஹெல்மெட், பெரியவர் அளவு 2 (அம்மா, மகன்), தலா 1,200 — 2,400 ரூபாய்
ஹெல்மெட், பிள்ளை அளவு 1 — 1,000
மழைக்கோட்டு, மேல்சட்டையும் பேன்ட்டுமாக 2, தலா 1,200 — 2,400
பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு 2, தலா 500 — 1,000
பின் டயர், மாட்டும் கூலியோடு — 1,700
முன்னும் பின்னும் பிரேக் ஷூ, கூலியோடு — 700
ஹெட்லைட், இண்டிகேட்டர் பல்பு — 200
ஒளிரும் ஸ்டிக்கர் — 100
மூன்றாம் நபர் காப்பீடு, வரியோடு — 843
மொத்தம் — 10,343 ரூபாய்

மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே வருடத்தில் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. பெரியவர் ஹெல்மெட் 5 வருடம், பிள்ளை ஹெல்மெட் 2 வருடம், மழைக்கோட்டும் டயரும் 2 வருடம் என்று பிரித்தால் வருடச் செலவு 5,373 ரூபாய்க்கு இறங்குகிறது. மாதம் 448 ரூபாய். நாளுக்கு 14 ரூபாய் 70 காசு. தலைக்கு 3 ரூபாய் 70 காசு. பெட்ரோலோடு ஒப்பிட்டால், டேங்கில் ஊற்றும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 38 ரூபாய்.

இதில் ஏமாற வாய்ப்புள்ள சரக்கு ஹெல்மெட்தான். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். ஆனாலும் மேம்பாலத்தின் கீழே 250 ரூபாய்க்குக் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. எடுத்துப் பார்த்தால், முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்தத் தயாரிப்பாளர் என்று காட்டும். உள்ளே விரலால் அழுத்தினால் வெறும் ஸ்பாஞ்சுக்குப் பின்னால் கெட்டியான தெர்மாகோல் அடுக்கு தட்டுப்பட வேண்டும். அடியைத் தாங்கி நொறுங்குவது அந்த அடுக்குத்தான். 250 ரூபாய்ச் சரக்கில் பெரும்பாலும் அது இருக்காது. இருப்பது போலீசுக்குக் காட்ட ஒரு பிளாஸ்டிக் ஓடு.

அளவிலும் நாம் தவறுகிறோம். கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"அண்ணே, பாப்பாவுக்குக் கொஞ்சம் பெரிசாவே குடுங்க. ரெண்டு மூணு வருஷம் வரட்டும்."

"யூனிபார்ம் மாதிரி வளரட்டும்னு இதை வாங்கக் கூடாதுக்கா. தலையை ஆட்டச் சொல்லுங்க. ஹெல்மெட் தனியா சுத்துது பாருங்க. விழுறப்ப இதுதான் மொதல்ல கழண்டு ஓடும்."

கடைக்காரர் சொல்வதுதான் சரி. தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட்டும் அப்படித்தான். வண்டியை விட்டு ஆள் தூக்கி எறியப்படும்போது அது ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

டயரைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேர் மேலே, பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு. ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பள்ளங்களின் வேலையே தண்ணீரை வெளியே தள்ளுவது; பள்ளம் இல்லாத டயர் தண்ணீர் மேல் மிதக்கும். கோடையில் "இன்னும் மூணு மாசம் ஓட்டலாம்" என்று தள்ளிப்போட்ட டயர் அந்த மூன்றாம் மாதத்தில் மழையில் மாட்டிக்கொள்கிறது.

மழைக்கோட்டைச் சிலர் ஆடம்பரம் என்பார்கள். அது இல்லாத வீட்டில் பின்னால் இருப்பவர் குடையை விரிப்பார். காற்று குடையை இழுத்தால் வண்டியும் சேர்ந்து திரும்பும்.

நாலு பேருக்கு ஒரு வண்டி இல்லை

நாலு பேருக்கும் ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது என்பதற்காக நாலு பேரும் ஒரே வண்டியில் ஏற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் அனுமதிக்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமம் நிறுத்தம். 4 வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் தலையில் ஹெல்மெட் வேண்டும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் விதி வந்தது.

ஆகவே சித்தி வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் கொடுக்கக் குடும்பத்தோடு போகும் செலவைத் தனியாகப் போட வேண்டும். 8 கிலோமீட்டருக்கு ஆட்டோ என்றால் 200 ரூபாய்க்குக் குறைய வராது. சாதாரண நகரப் பேருந்து என்றால் நிலைமை வேறு. 2021 மே 8 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்து இருபது முப்பது ரூபாயில் முடியும். குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு அந்தப் பேருந்துதான், வந்தால். மழை நாளில் முக்கால் மணி நேரம் நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில் நின்று பார்த்த குடும்பம் மறுமுறை நாலு பேரையும் ஸ்கூட்டரில் ஏற்றுவதை வெறும் பொறுப்பின்மை என்று சொல்லிவிட முடியாது.

பின்னால் புடவையோடோ துப்பட்டாவோடோ உட்காருபவருக்கு இன்னொரு கணக்கு. பின்சக்கரத்தின் பாதியளவாவது மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, கால்வைப்பு மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி. பைக் வாங்கியதும் அழகு கெடுகிறது என்று பையன்கள் முதலில் கழற்றி எறிவது அந்தச் சேலைத் தடுப்பைத்தான்.

அபராதக் கணக்கு

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்கள் ஏறின. ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட 100 ரூபாயாக இருந்தது 1,000 ரூபாய் ஆனது. காப்பீடு இல்லாவிட்டால் 2,000. உரிமம் இல்லாவிட்டால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டாலும் 10,000. ஹெல்மெட் அபராதத்தோடு 200 ரூபாய் சேர்த்தால் ஒரு நல்ல ஹெல்மெட் கிடைத்துவிடும்.

நம் வீட்டுக்கு உண்மையில் ஆபத்தான வரி வேறு. மகனுக்கு 15 வயது. தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டில் எல்லாரும் வேலையில் இருக்கும்போது, "தம்பி, வண்டியை எடுத்துட்டுப் போய் முக்கு கடையில எண்ணெய் வாங்கிட்டு வந்துருடா" என்று சொல்வது சாதாரணம். பிடிபட்டால் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தை விட 5,000 ரூபாய் அதிகம், ஒரு பாக்கெட் எண்ணெய்க்கு.

காப்பீட்டின் ஓட்டை

75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்கு 714 ரூபாய். 18 விழுக்காடு வரியோடு 843. இது நம் வண்டி இடித்த அடுத்தவருக்கானது. வண்டியின் உரிமையாளரே ஓட்டிப்போய் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு தனி; 2018இலிருந்து அந்தத் தொகை.

பின்னால் உட்கார்ந்த மனைவி? சட்டத்துக்காக மட்டும் எடுக்கும் அந்தக் குறைந்தபட்ச பாலிசியில், கட்டணமின்றிப் பின்னால் ஏறியவர் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. முழுப் பாலிசியில் அவர் வருவார் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் தெளிவுபடுத்தியது. ஆன்லைனில் மலிவானதைத் தேடி 843 ரூபாயில் முடிக்கும் வீடு, ஹெல்மெட்டில் விட்ட அதே தலையைக் காப்பீட்டிலும் விட்டுவிடக்கூடும். புதுப்பிக்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பின்னாடி உட்கார்றவங்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?"

அடி பட்ட பின்

தமிழ்நாட்டில் 108 அழைத்தால் ஆம்புலன்சுக்குக் காசில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்றிருந்தது, பின்னர் 2 லட்சம் ஆனது. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனவரைப் போலீஸ் வழக்கில் இழுக்க முடியாதபடி சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது.

49ஆவது மணியிலிருந்துதான் வீட்டுக் கணக்கு தொடங்கும். தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில் எடுத்து உலக வங்கி 2021இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துக்குப் பின் ஏழைக் குடும்பங்களில் 75 விழுக்காட்டுக்கு மேல் வருமானம் சரிந்ததாகச் சொன்னார்கள். அவர்களின் இழப்பு ஏழு மாத வருமானத்துக்கும் அதிகம். வசதியான குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கும் குறைவு. ஒரே குழி, ஒரே மழை, ஒரே எலும்பு முறிவு. விலை மட்டும் ஏழு மடங்கு வித்தியாசம்.

நம் குடும்பத்தின் மாத வருமானம் 28,000. ஏழு மாதம் என்றால் 1,96,000 ரூபாய். இதை வருடப் பாதுகாப்புச் செலவான 5,373 ரூபாயால் வகுத்தால் 36 வருடம் வரும். மகளுக்கு 45 வயதாகும் வரை இந்த வீடு பாதுகாப்புக்குச் செலவழிக்கக்கூடிய பணம் ஒரே மாலையில் போகிறது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: விபத்துக்குப் பின் பெண்களில் 40 விழுக்காட்டினர் தங்கள் வேலை முறையையே மாற்றிக்கொண்டார்கள். படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எந்த பில்லிலும் வராது. தையல் வேலைக்குப் போகும் அம்மாவின் 8,000 ரூபாய்தான் முதலில் நிற்கும்.

வீடு வாங்க முடியாதவை

இதுவரை எழுதியது வீட்டின் பற்று. கடையில் காசு கொடுத்து வாங்க முடியாத சரக்கும் உண்டு. சாலைக் குழிகளால் 2022இல் நாட்டில் 1,856 பேர் இறந்தார்கள். 1,200 ரூபாய் ஹெல்மெட்டோ 1,700 ரூபாய் டயரோ தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் குழியைக் காட்டிக்கொடுக்காது. எரியாத தெருவிளக்கு, நடைபாதை இல்லாத பள்ளித் தெரு, வேலை முடிந்தும் மூடாத மழைநீர் வடிகால், நேரத்துக்கு வராத பேருந்து எல்லாம் அரசின் பற்று.

சட்டம் இரு தரப்பையும் எப்படி எடைபோடுகிறது என்று பாருங்கள். பிள்ளையிடம் சாவி கொடுத்த அப்பாவுக்கு 25,000 ரூபாயும் மூன்று வருடம் வரை சிறையும். பாதுகாப்புத் தரத்தை மீறிச் சாலை போட்டு அதனால் உயிர் போனால் ஒப்பந்தக்காரருக்கோ அதிகாரிக்கோ 198ஏ பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறை அந்தப் பிரிவில் இல்லை.

வரியிலும் இதே கதை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18க்கு இறங்கியது. வரிக்கு முன் 70,000 ரூபாய் விலையுள்ள ஸ்கூட்டரில் 7,000 ரூபாய் மிச்சம். அதை வாங்கியவர் குடும்பத்துக்கே இரண்டு முறை ஹெல்மெட் வாங்கலாம். ஆனால் ஹெல்மெட்டின் வரி 18 விழுக்காட்டிலேயே நிற்கிறது. நம் பட்டியலின் மூன்று ஹெல்மெட் விலையான 3,400 ரூபாயில் 519 ரூபாய் வரி. புது வண்டியோடு ஒரு ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை இரண்டாக்கும் வரைவை மத்திய அரசு 2025 ஜூனில் வெளியிட்டது. இருக்கை இரண்டு என்பது வண்டி வடிவமைத்த நாளிலிருந்தே தெரிந்த விஷயம்.

போனஸ் வந்ததும்

கடைசிக் கேள்வி: 10,343 ரூபாய்க்கு எங்கே போவது? ஐப்பசியில் சம்பளக்காரர் வீட்டுக்கு வரும் ஒரே உபரி போனஸ். போனஸுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பான மாதம் 7,000 ரூபாயை வைத்துக் கணக்கிட்டால், 20 விழுக்காடு போனஸ் 16,800 ரூபாய், குறைந்தபட்சமான 8.33 விழுக்காடு 6,997 ரூபாய். முதல் வகை வீட்டுக்கு இந்தப் பட்டியல் போனஸில் 62 விழுக்காடு. இரண்டாம் வகை வீட்டுக்கு மொத்தப் போனஸையும் கொடுத்தாலும் பற்றாது.

பற்றாத வீட்டில் வரிசைதான் முக்கியம். முதலில் பிரேக்கும் பல்பும், 900 ரூபாய்; இந்த வாரமே. அடுத்து மூன்று ஹெல்மெட், 3,400. பிறகு காப்பீடு, 843. அதன்பின் டயர், 1,700. ஸ்டிக்கர் 100. கூட்டினால் 6,943. வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைப்பதற்கும், மகன் கையில் சாவி கொடுக்காமல் இருப்பதற்கும் காசு வேண்டாம். அவை கணக்கின் இலவச வரிகள்.

போனஸில் மீதி 54 ரூபாய். மழைக்கோட்டு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும், புதுத்துணிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில் வீட்டுக்காரரைப் பார்த்து இன்னும் ஒரு புத்திமதி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹெல்மெட்டில் வாங்கும் 519 ரூபாய் வரியை அரசு விட்டுக்கொடுத்தால், இருக்கும் 54ஓடு சேர்த்து, இந்த ஐப்பசியிலேயே பாப்பாவுக்கு மழைக்கோட்டு வந்துவிடும். 73 ரூபாய் மிச்சமும் இருக்கும்.